செல்லுலோஸ் கரைசல் சூட்டில் ஏன் பழுப்பாகிறது, கல்லேட்டைக் கூட்டினால் சரியாகுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக் இறுதியாண்டு புராஜெக்டுக்காக என்எம்எம்ஓ (என்-மெத்தில்மார்ஃபோலின்-என்-ஆக்சைடு) கரைப்பானில், மரத்திலும் பருத்தியிலும் இருக்கும் செல்லுலோஸைக் கரைத்து இழை எடுக்கிறீர்கள். விலைக்கு வாங்கிய மரக்கூழை வைத்துச் செய்த முதல் இரண்டு தடவையும் தேன் நிறத்தில் நல்ல கரைசல் வந்தது. மூன்றாவது தடவை பழைய பருத்திச் சட்டைகளை நறுக்கிப் போட்டீர்கள். கழுவிய நீரிலிருந்து மீட்ட கரைப்பானையே திரும்பவும் பயன்படுத்தினீர்கள். குமிழி அடங்கட்டும் என்று 110 டிகிரி அவனில் (oven) இரவு முழுக்க வைத்தீர்கள். காலையில் பார்த்தால் காப்பி டிகாக்‌ஷன் நிறம், தண்ணீராக ஓடுகிறது, இழுத்தால் இழை அறுகிறது. கரைசல் கெடாமல் காக்கச் சேர்க்கும் புரோபைல் கல்லேட்டை இரண்டு மடங்காக்கலாமா, அல்லது அதைவிட வலுவான வேறு பொருள் உண்டா என்று கேட்கிறீர்கள். இதற்கு ஒரு வரியில் "வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கரைசல் சூட்டில் எதனால் கெடுகிறது என்பதைத்தான். அது பிடிபட்டால் எவ்வளவு கல்லேட் என்பது தானாக விளங்கும்.

நான் சிங்கப்பூரின் ஜூரோங்கில் இருந்துகொண்டு, இந்த வட்டாரத்து ஆலைகளில் கரைப்பான் மீட்புப் பகுதியை ஓட்டவைக்கும் வேலையில் 19 ஆண்டுகளாக இருக்கிறேன். மாதக்கணக்கில் அங்கேயே தங்கிப் பார்க்கிற வேலை. அதனால் நான் சொல்வதில் பாதி படித்தது, பாதி கை அழுக்கானதில் கற்றது. அயனித் திரவங்களில் செல்லுலோஸைக் கரைக்கும் புதிய முறைகளில் நான் வேலை பார்த்ததில்லை. அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் குடுவைக்குள் இரண்டு பொருள் தனித்தனியாகக் கெடுகின்றன. ஒன்று செல்லுலோஸ். அதன் நீண்ட சங்கிலி சூட்டிலும் ஆக்சிஜனேற்றத்திலும் நடுநடுவே அறுபடுகிறது. மற்றொன்று கரைப்பான். என்எம்எம்ஓவில் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள பிணைப்பு பலவீனமானது. செல்லுலோஸைக் கரைக்கிற திறமையும் அந்தப் பிணைப்பால்தான் வருகிறது, தொல்லையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அது உடைந்தால் என்-மெத்தில்மார்ஃபோலின், மார்ஃபோலின், ஃபார்மால்டிஹைடு எல்லாம் உருவாகும். மூடியைத் திறந்ததும் மீன் வாடை மாதிரி ஒன்று மூக்கில் ஏறியிருந்தால் அது அந்த அமின்களின் வாடை. உடைந்த துண்டுகள் சும்மா இருப்பதில்லை. அவற்றில் சில, மீதி என்எம்எம்ஓவையும் உடைக்கத் தூண்டுகின்றன. அதாவது சிதைவு தன்னைத் தானே வேகப்படுத்திக்கொள்ளும். இது வெறும் ஊகம் இல்லை. வியன்னாவில் ரோசனாவ், போட்ஹாஸ்ட் முதலியவர்கள் இந்தப் பக்கவினைகளை வருடக்கணக்கில் பிரித்துப் பார்த்து, 2001இல் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

கரைசல் தண்ணீராக ஓடுவது முதல் கேட்டின், அதாவது செல்லுலோஸ் சங்கிலி அறுபடுவதன், அடையாளம். இப்படிச் செறிந்த கரைசலில் பாகுத்தன்மை சங்கிலி நீளத்தோடு ஏறக்குறைய 3.4 அடுக்கில் மாறும். சங்கிலி 10 சதவீதம் குறைந்தாலே பாகுத்தன்மை சுமார் 30 சதவீதம் விழுந்துவிடும். அதனால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஓடுகிறதென்றால் சங்கிலி நன்றாகவே அறுந்திருக்கிறது. அதை எந்த மருந்து போட்டும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அந்தக் கரைசலைக் காப்பாற்ற முயலாதீர்கள்.

இனி, நீங்கள் மாற்றிய மூன்று விஷயங்கள். மூன்றையும் ஒரே தடவையில் மாற்றியதால் எது குற்றவாளி என்று நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்வேன்: அந்த ஓர் இரவு. மற்ற இரண்டும் சரியாக இருந்திருந்தால்கூட 110 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்ற கரைசல் நன்றாக இருக்க வாய்ப்பில்லை. ஆலையில் இதே கரைசல் 90 முதல் 120 டிகிரி வரை போகத்தான் செய்கிறது. ஆனால் அங்கே அது ஓடிக்கொண்டே இருக்கும். மெல்லிய படலமாகப் பரப்பி, வெற்றிடத்தில் நீரை இழுத்து, கரைந்த உடனே குழாய் வழியாக நூற்புக்குப் போய்விடும். அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சுகிறவர்கள் அடுப்பை எவ்வளவு கவனிக்கிறார்களோ, அதைவிட அதிகமாகப் பதம் வந்த நொடியைக் கவனிப்பார்கள். பதம் வந்த பிறகு அடுப்பிலேயே வைத்திருந்தால் எவ்வளவு சிறு தீயாக இருந்தாலும் பாகு கெட்டது கெட்டதுதான். இங்கும் வெப்பநிலையை மட்டும் குறித்துவைத்தால் போதாது. எத்தனை நிமிடம் அந்தச் சூட்டில் இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்தது உலோகம். நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம் இது. இரும்பும் செம்பும் என்எம்எம்ஓ சிதைவைத் தூண்டுகின்றன. சிதைவு தொடங்கும் வெப்பநிலையையும் கீழே இறக்கிவிடுகின்றன. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய சோதனை நூற்பு எந்திரத்தில் இழையில் விட்டுவிட்டுக் கரும்புள்ளி வந்துகொண்டே இருந்தது. வடிகட்டியை மாற்றினோம், மரக்கூழை மாற்றினோம், கல்லேட்டைக் கூட்டினோம். எதற்கும் மசியவில்லை. கடைசியில் அழுத்தமானியைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. அதை இணைக்கும் விரல் நீளக் குழாய்த்துண்டு மட்டும் பித்தளை. யாரோ கையில் கிடைத்ததைப் பூட்டியிருக்கிறார்கள். அந்தத் துண்டுக்குள் கரைசல் ஓடாமல் தேங்கி நின்றிருக்கிறது. உள்ளே இருந்தது கண்ணாடி மாதிரி உடைகிற ஒரு கருப்புக் கட்டி. பித்தளையைத் தொட்டிருந்த ஓரம் கன்னங்கரேல், அங்கிருந்து ஓட்டம் இருந்த பக்கம் வர வர செம்பழுப்பு, பிறகு மஞ்சள். சிதைவு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் பரவியது என்று படம் போட்டுக் காட்டியது போல இருந்தது. துருப்பிடிக்காத எஃகுத் துண்டு போட்டு, தேங்குகிற இடத்தையும் ஒழித்த பிறகு புள்ளி நின்றது. கல்லேட்டைப் பழைய அளவுக்கே இறக்கினோம்.

உங்கள் கலக்கி, கரண்டி, வெப்பமானியின் உறை, ஊசிக்குழல் இணைப்பு எல்லாவற்றையும் ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளையோ செம்போ எங்கும் வேண்டாம். கீறல் விழுந்து துரு ஏறிய எஃகும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அயனி நீக்கிய நீர் போதும். கரைசலில் கல்லேட் இருந்து, இரும்பும் இருந்தால், கருநீலச் சாயல் தட்டும். இது நம் பாட்டன்மாருக்குத் தெரிந்த வேதியியல்தான். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வினை. கடுக்காயில் கல்லிக் அமில வகைகள், அன்னபேதி இரும்பு சல்ஃபேட். உங்கள் குடுவையில் கொஞ்சம் மை காய்ச்சிவிட்டீர்களா என்று வெள்ளைத் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

இப்போது கல்லேட்டுக்கு வருவோம். புரோபைல் கல்லேட் மூன்று வேலை செய்கிறது. எதையும் தாக்கத் துடிக்கும் மூலக்கூறுத் துண்டுகளான தனி உறுப்புகளை (free radicals) பிடித்து அடக்குகிறது, ஃபார்மால்டிஹைடைப் பிடித்துக்கொள்கிறது, உலோக அயனிகளைக் கட்டிப்போடுகிறது. நல்ல காவல்காரன். ஆனால் தன்னைச் செலவழித்துத்தான் காவல் காக்கிறது. ஆக்சிஜனேற்றம் அடைந்து எல்லாஜிக் அமிலமாகிறது. மாதுளையோடு சேர்த்துப் பேசப்படும் அதே அமிலம்தான். அதற்கும் மேலே போனால் அடர்ந்த நிறமுள்ள குயினோன் ஆகிறது. ஆக, கல்லேட் போட்ட கரைசல் கொஞ்சம் நிறம் ஏறுவது அது வேலை செய்ததற்கான அடையாளமாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் வைத்து செல்லுலோஸ் எவ்வளவு கெட்டது என்று அளக்காதீர்கள். கரைசல் வெளிறி இருந்தும் சங்கிலி அறுந்திருக்கலாம், பழுப்பாக இருந்தும் சங்கிலி முழுசாக இருக்கலாம். வழக்கமாகக் கரைசல் எடையில் 0.01 முதல் 0.1 சதவீதம் வரை போடுவார்கள். அதற்கு மேல் கூட்டினால் நிறம் கூடும், மீட்ட கரைப்பானைச் சுத்தம் செய்வது கடினமாகும். இரும்பு உள்ளே இருக்கும்வரை, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போலக் கல்லேட்டை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மிகச் சிறிதளவு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ப்பது உதவும். கரைசல் அமிலப் பக்கம் சாய்வதை அது தடுக்கிறது, கல்லேட்டோடு சேர்த்துப் போடுவது தொழிலில் பழக்கமானதுதான். ஆனால் காரம் கூடினால் கல்லேட் காற்றிலேயே சீக்கிரம் பழுப்பாகும். அளந்து போடுங்கள்.

கல்லேட்டைவிட வலுவான பொருள் உண்டா என்று கேட்டீர்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் உண்டு. கரைப்பான் உடையும்போது வரும் வினைத்துண்டுகளைத் தானே வாங்கிக்கொள்ளும் என்-பென்சில்மார்ஃபோலின் ஆக்சைடு ஒன்று. ஜெர்மனியின் ருடோல்ஸ்டாட் ஆய்வு நிலையத்தில், கலப்புப் பொருள் ஏற்றிய கரைசல்களுக்காக, பாலிமரிலேயே உலோகத்தைப் பிடிக்கும் தொகுதிகளை வைத்த நிலைப்படுத்திகளைச் சோதித்திருக்கிறார்கள். உங்கள் நிலைமைக்கு அவை தேவையில்லை என்பது என் கருத்து. சாதாரண மரக்கூழும் சுத்தமான கரைப்பானும் இருந்தால் கல்லேட்டே போதும் என்பதற்கு உங்கள் முதல் இரண்டு கரைசல்களே சாட்சி.

மீட்ட கரைப்பானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆலைகளில் 99 சதவீதத்துக்கு மேல் கரைப்பானை மீட்கிறார்கள், உண்மை. ஆனால் அங்கே கழுவிய நீரை நேராகக் காய்ச்சிச் செறிவாக்குவதில்லை. முதலில் வடிகட்டி, அயனிப் பரிமாற்றப் பிசினில் ஓட்டி நிறத்தையும் உலோகத்தையும் எடுத்த பிறகுதான் ஆவியாக்கியில் விடுவார்கள். நான் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டது அந்தப் படியைத்தான். அதைத் தவிர்த்துவிட்டு நீரை மட்டும் விரட்டினால் என்ன ஆகும்? இரும்பு, மார்ஃபோலின், பழைய கல்லேட்டின் மிச்சம் எல்லாம் அடியில் செறிவாக நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் கூடும். ஆய்வகத்தில் ஒரு சிறிய கண்ணாடிக் குழாயில் எதிர்அயனிப் பிசினும் நேரயனிப் பிசினும் அடைத்து மெதுவாக ஓட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். அப்புறம், கடையில் வாங்கும் 50 சதவீத என்எம்எம்ஓவிலும் ஒன்றைப் பாருங்கள். அதை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு தயாரிப்பதால் சிறிது பெராக்சைடு மிஞ்சியிருக்கக்கூடும். பெராக்சைடும் இரும்பும் சேர்ந்தால் செல்லுலோஸ் சங்கிலியை வெட்டுவதற்கு அதைவிட நல்ல கத்திரி கிடையாது. பெராக்சைடு சோதனைத் தாள் ஒன்றை நனைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சட்டைகள். பழைய துணியிலிருந்து இழை எடுக்கும் எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அலுவலகத்துக்குப் போடும் கசங்காத சட்டை என்றால் கவனம் தேவை. அந்தக் கசங்காத தன்மைக்காகப் பூசும் பிசின்களில் பெரும்பாலானவை ஃபார்மால்டிஹைடு சார்ந்தவை. அவை செல்லுலோஸ் சங்கிலிகளைக் குறுக்கே பிணைப்பதால் கரையாத ஜெல் கட்டிகள் நிற்கும். சூட்டில் ஃபார்மால்டிஹைடும் வெளிவரும், அது நாம் தவிர்க்கப் பார்க்கும் பொருளேதான். நீல, பச்சைச் சாயங்களில் சில செம்பு கொண்டவை. சாயத்துக்குள் இறுகப் பிணைந்திருக்கும் செம்பும் தனி அயனியைப் போலவே கெடுதல் செய்யுமா என்பதை உறுதியாகச் சொல்ல மாட்டேன், சாயத்துக்குச் சாயம் மாறும். வெள்ளை பனியன் துணியை வைத்துத் தொடங்குங்கள். லேசான அமிலத்தில் ஊறவைத்து, உலோகம் பிடிக்கும் ஈடிடிஏ கரைசலில் அலசி, பிறகு நன்றாகக் கழுவிக் காயவைத்தால் பாதி பிரச்சினை வாசலிலேயே நின்றுவிடும். அமிலத்தில் நெடுநேரம் விடவேண்டாம், அதுவும் சங்கிலியை அறுக்கும்.

இங்கே சிங்கப்பூரில் மட்டும் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு, காற்றின் ஈரம். சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். என்எம்எம்ஓ ஈரத்தை உப்பு மாதிரி இழுக்கும். செல்லுலோஸை நன்றாகக் கரைப்பது ஒற்றை நீரேற்று நிலையில், அதாவது 13.3 சதவீத நீரோடு, 75 டிகிரி வாக்கில் உருகும் நிலையில். ஜாடியைத் திறந்துவைத்து எடை போட்டால் நீர் கூடிவிடும். செல்லுலோஸ் ஊறுமே தவிர முழுதாகக் கரையாது. கரையவில்லையே என்று எல்லோரும் செய்வது சூட்டைக் கூட்டுவது. அங்கேதான் தவறு நடக்கிறது. தேவைப்படுவது நீரை எடுப்பது, சூட்டை ஏற்றுவது இல்லை. ஒளிவிலகல் மானியில் ஒரு துளி வைத்து நீரின் அளவைப் பாருங்கள். மறுபக்கமும் ஆபத்து உண்டு. வெற்றிடத்தில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய், நீர் மிகவும் குறைந்துவிட்டால் உருகுநிலை விறுவிறுவென ஏறும். நீரே இல்லாத என்எம்எம்ஓ உருக 170 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தப் பக்கம் போகவே கூடாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். கூழை நன்றாகப் பொடித்து, நீர் கூடுதலாக உள்ள கரைப்பானில், 70 முதல் 80 டிகிரியில், கல்லேட்டையும் அப்போதே சேர்த்து, ஒரு மணி நேரம் ஊறவிடுவேன். எல்லா இழையும் நனைந்த பிறகு வெற்றிடம் கொடுத்து, 90 முதல் 95 டிகிரியில் கலக்கிக்கொண்டே நீரை இழுப்பேன். கலங்கல் தெளிந்து அம்பர் நிறம் வந்ததும் நிறுத்திவிடுவேன். எண்ணெய்த் தொட்டியின் சூட்டையும் பார்க்க வேண்டும். நடுவில் 95 காட்டும்போது தொட்டி 130இல் இருந்தால், குடுவைச் சுவரை ஒட்டியிருக்கும் கரைசல் கிட்டத்தட்ட அந்த 130ஐத்தான் பார்க்கிறது. தொட்டியை 105க்கு மேல் விடமாட்டேன். குமிழிக்கு ஒரு ராத்திரி தேவையில்லை. கடைசியில் கலக்கியை நிறுத்தி, வெற்றிடத்திலேயே 20, 30 நிமிடம் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அன்றைக்கே நூற்க முடியவில்லையென்றால் தட்டில் மெல்லியதாக ஊற்றி ஆறவிடுங்கள். இறுகிவிடும். காற்றுப் புகாத பையில் வைத்து, மறுநாள் ஒரே ஒரு தடவை உருக்குங்கள். சூட்டிலேயே காத்திருக்க வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க நான்கு சிறிய குடுவை போதும், ஒவ்வொன்றிலும் 20 கிராம். புதிய கரைப்பானில் மரக்கூழ், புதியதில் சட்டை, மீட்டதில் மரக்கூழ், மீட்டதில் சட்டை. கல்லேட், சூடு, நேரம் எல்லாம் ஒன்றுபோல. அரை மணிக்கு ஒரு தடவை சிறிது எடுத்து நீரில் போட்டு, கரைப்பான் போகும்வரை கழுவி, காயவைத்து, செப்பு எத்திலீன்டைஅமின் என்ற சோதனைக் கரைப்பானில் கரைத்துப் பாகுத்தன்மை பார்த்துச் சங்கிலி நீளத்தைக் கணக்கிடுங்கள். கண்ணால் பார்க்கும் நிறத்தைவிட இந்த எண்ணை நம்பலாம். உங்கள் பாலிடெக்னிக்கில் ஐசிபி கருவி இருந்தால் இரும்பையும் செம்பையும் அளக்கச் சொல்லுங்கள். அப்படிக் கிடைக்கும் எண்கள் உங்கள் குடுவைக்குப் பொருந்தும். அதையே வைத்துப் பெரிய கலனில் எத்தனை மணி தாங்கும் என்று கணக்குப் போட வேண்டாம். அளவு கூடினால் உள்ளே பிறக்கும் சூடு வெளியே போக வழி குறையும், நடத்தை மாறிவிடும்.

அதனால்தான் கடைசியாக இதைச் சொல்கிறேன், இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என்எம்எம்ஓ ஒரு ஆக்சிஜனேற்றி. சுத்தமான கரைசலே 150 டிகிரியை ஒட்டிச் சூட்டையும் வாயுவையும் கக்கத் தொடங்கும். இரும்போ, செம்போ, கரித்தூளோ இருந்தால் அதற்கும் கீழேயே தொடங்கிவிடும். தொடங்கிய பிறகு அடுப்பை அணைத்தாலும் நிற்காது. ஆலைக் குழாய்களில் அழுத்தம் ஏறினால் தானே உடைந்து வழிவிடும் தகடுகளை அங்கங்கே வைத்திருப்பது இதற்காகத்தான். உங்கள் அவனில் அந்தத் தகடு கிடையாது. சூடான கரைசலை இறுக மூடிய பாட்டிலில் ஒருபோதும் வைக்காதீர்கள், ஆளில்லாமல் இரவு முழுக்க விடாதீர்கள். ஒரு தடவைக்கு 100 கிராமைத் தாண்டாதீர்கள். கரைசல் திடீரென்று கருத்து, நுரைத்து, வாடை வந்தால் எட்டிப் பார்க்க வேண்டாம். தூரத்திலிருந்தே சூட்டை நிறுத்த முடிந்தால் நிறுத்தி, புகைபோக்கிக் கதவை இறக்கிவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், ஆய்வகப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள். அந்த இரவு உங்கள் குடுவையின் மூடி தளர்வாக இருந்ததா, இறுக்கமாக இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இறுக்கமாக இருந்திருந்தால், நான்கு குடுவைச் சோதனையைத் தொடங்கும் முன் உங்கள் விரிவுரையாளரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.